ஆட்டம் முடிந்தது, கணக்கு முடியவில்லை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

2024ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இரவு. மரக்காணம் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடை. பெஞ்சின் மீது சாய்த்து வைக்கப்பட்ட ஒரு கைப்பேசியைச் சுற்றி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் இந்தியாவும் குவைத்தும் மோதிக்கொண்டிருந்தன. அரங்கின் பெயரைக் கேட்டதும் என் தந்தையார், "அங்கியும் உப்புதானா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சுனில் சேத்ரி இந்தியாவுக்காக ஆடும் கடைசி ஆட்டம் அது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வயது 39. அதுவரை 94 கோல்கள். அன்று கோல் எதுவும் விழவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அவர் கண்ணீரோடு மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெற்றார். கடையிலிருந்த எங்களுக்கும் தொண்டை அடைத்தது.

கல்லூரி திறந்ததும் வகுப்பில் இதே பேச்சு. நண்பன் ஒருவன், "சேத்ரி ஓய்வு பெற்றால் பெங்களூர் அணிக்கு எவ்வளவு சம்பளம் மிச்சம்! அந்தப் பணத்தில் இரண்டு இளைஞர்களை எடுக்கலாமே" என்றான். மற்றொருவன், "அமெரிக்காவில் அப்படி நடக்காது. அங்கே ஆட்டக்காரர் ஓய்வு பெற்ற பின்னும் அவர் சம்பளம் அணியின் கணக்கில் நிற்கும்" என்றான். ஆடாதவருக்குச் சம்பளக் கணக்கா? பொருளியல் படிக்கும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கணக்கை எங்கள் உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் நோட்டில் முன்பே பார்த்திருக்கிறேன் என்பது புரிந்தது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உச்சவரம்பு எதற்கு?

நில உச்சவரம்புச் சட்டத்தை நாம் அறிவோம். ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டில் சம்பள உச்சவரம்பும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் இவ்வளவுக்கு மேல் செலவிடக் கூடாது என்று வரம்பு கட்டுகிறார்கள். பணக்கார அணி ஒன்றே நல்ல ஆட்டக்காரர் எல்லோரையும் வளைத்துப் போட்டுக்கொண்டால் போட்டியில் சுவை இராது அல்லவா? முதலாளிகள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுச் சம்பளத்தை ஏற்றிவிடாமல் தடுப்பதும் இதன் மற்றொரு பயன். அப்பயன் யாருக்கு என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

நம் நாட்டில் 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் போட்டியிலும் இத்தகைய வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 2021–22 பருவத்தில் ஓர் அணிக்கு 16.5 கோடி ரூபாய் என்பது வரம்பாக இருந்தது.

அப்படியானால் என் முதல் நண்பன் சொன்னது சரியா? இல்லை. சேத்ரி 2024இல் விடைபெற்றது இந்திய அணியிலிருந்து மட்டுமே. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது அவர் ஆடும் கழகம். பெங்களூர் கழகத்தில் அவர் தொடர்ந்து ஆடினார். 2024–25 பருவத்தில், நாற்பது வயதில், 14 கோல்கள் அடித்தார். அப்பருவத்தில் வேறெந்த இந்தியரும் அத்தனை கோல் அடிக்கவில்லை. 2025 மார்ச்சில் இந்திய அணிக்கே திரும்பி வந்து, ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தம் 95ஆவது கோலையும் அடித்தார். ஆக, நாங்கள் கண்ணீர் விட்ட அந்த ஓய்வினால் கழகத்தின் சம்பளக் கணக்கில் ஒரு ரூபாயும் கூடவில்லை, குறையவும் இல்லை.

கழகத்தை விட்டே ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குரிய தொகை பருவத்துக்குப் பருவம் சம்பளமாகவே கொடுக்கப்படுமானால், அடுத்த பருவத்தில் அவ்விடம் காலியாகும். அத்தொகை பிறருக்குக் கிடைக்கும். கணக்கு எளிது. அதைச் சிக்கலாக்குவது முன்பணம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றவர்கள் மரக்காணத்தின் வெண்ணிற உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். தை மாதத்தில் பாத்திகளைச் செப்பனிட்டு வேலையைத் தொடங்கினால் செப்டம்பர் வரை உப்பு வாரலாம். மழை வந்துவிட்டால் அளம் தண்ணீருக்கடியில் போய்விடும். பிறகு வேலை இல்லை.

2024 தை மாதம் என் தந்தையார் அக்காள் திருமணத்திற்காக 45,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். ஒன்பது மாதங்களில், மாதம் 5,000 வீதம் கூலியில் கழித்துக்கொள்வது என்று பேச்சு. வெயிலில் உப்பின் வெண்மையைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் மங்கிவிட்டது. மே மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுவிட்டார். முப்பது ஆண்டுகள் உழைத்தவருக்கு மாலையும் இல்லை, மைதானத்தைச் சுற்றி வருதலும் இல்லை. அதுவரை 25,000 கழிந்திருந்தது. மீதி 20,000 நோட்டில் நின்றது.

கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். "ஆளு நின்னா என்னாங்க, கணக்கு நிக்குதே" என்றார். அப்பா தலை குனிந்துகொண்டார்.

செத்த பணம்

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே கால்பந்து என்று அழைக்கப்படுவது வேறோர் ஆட்டம். பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையால் எறிவதும், கையில் ஏந்தி ஓடுவதுமே ஆட்டம். அந்நாட்டின் தேசியக் கால்பந்து லீக்கில் 1994இல் சம்பள உச்சவரம்பு வந்தது. அவ்வாண்டு ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர். 2023இல் அது 22.48 கோடி டாலர். லீக்கின் வருவாயைக் கொண்டு, ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி இவ்வரம்பு ஆண்டுதோறும் கணக்கிடப்படுகிறது.

அங்கே பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் பெருந்தொகை ஒன்றை முன்பணமாகத் தருவது வழக்கம். பணம் உடனே கைமாறிவிடும். உச்சவரம்புக் கணக்கிலோ அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதுவார்கள். ஐந்து ஆண்டுகள் வரை பிரிக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு: ஐந்தாண்டு ஒப்பந்தம், முன்பணம் 5 கோடி. முதல் நாளே 5 கோடியும் ஆட்டக்காரர் கையில். கணக்கிலோ ஆண்டுக்கு 1 கோடி. இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு அவர் ஓய்வு பெறுகிறார். இனி அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்த சம்பளம் கணக்கிலிருந்து நீங்கிவிடும், இது இலாபம். ஆனால் பிரித்து எழுதாமல் மீந்திருக்கும் முன்பணம் 3 கோடியும் ஒரே ஆண்டின் கணக்கில் வந்து விழும். ஆள் இல்லை, ஆட்டம் இல்லை, கணக்கில் மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "செத்த பணம்".

இதில் ஒரு சலுகை உண்டு. ஓய்வை ஜூன் 1ஆம் தேதிக்குப் பிறகு பதிவு செய்தால், அவ்வாண்டுக்குரிய 1 கோடி மட்டுமே அவ்வாண்டில் விழும். மீதி 2 கோடி மறு ஆண்டுக்குத் தள்ளிப் போகும்.

நியூ ஆர்லியன்ஸ் அணியின் ட்ரூ பிரீஸ் 2021 மார்ச் 14இல், 42ஆம் வயதில் ஓய்வை அறிவித்தார். ஆனால் அதற்கு முன் பிப்ரவரியிலேயே, அவ்வாண்டுக்குரிய தம் சம்பளத்தை 2.5 கோடி டாலரிலிருந்து 10.75 இலட்சம் டாலராகக் குறைத்துக்கொள்ள இசைந்திருந்தார். ஓய்வு பெறப் போகிறவர் சம்பளத்தை ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? ஜூன் வரை அவர் பெயர் ஏட்டில் இருந்தாக வேண்டும். அதுவரை அவர் சம்பளம் உச்சவரம்பில் இடம் பிடிக்கும். அந்தச் சுமையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. பெருந்தொற்றினால் வருவாய் குன்றி, 2021இல் உச்சவரம்பே 18.25 கோடி டாலராக இறங்கியிருந்த நேரம் அது. அதனால் 2021இல் 1.115 கோடி, 2022இல் 1.15 கோடி எனச் செத்த பணம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்தது.

தாம்பா பே அணியின் டாம் பிராடி 2023 பிப்ரவரி 1இல், 45ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அவர் ஒப்பந்தத்தில், ஆடப்போவதில்லை என்று இரு தரப்பும் அறிந்தே, முன்பணத்தைப் பிரித்து எழுதுவதற்காக மட்டும் சில பெயரளவு ஆண்டுகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஒப்பந்தம் முடிந்ததும் 3.51 கோடி டாலர் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் வந்து விழுந்தது. வரம்பு 22.48 கோடி. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, மைதானத்தில் இல்லாத ஒருவரின் பெயரில்! அந்த அளவுக்கு எஞ்சிய ஆட்டக்காரருக்கான இடம் சுருங்கிற்று. இரண்டாம் நண்பன் சொன்னது உண்மையே.

திருப்பிக் கொடுப்பது யார்?

இதுவரை சொன்னது அணியின் கணக்கு. ஆடாத ஆண்டுகளுக்கான முன்பணத்தை ஆட்டக்காரர் திருப்பித் தர வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

டெட்ராய்ட் அணியின் பாரி சாண்டர்ஸ் 1997இல் ஆறாண்டு ஒப்பந்தம் செய்து 1.1 கோடி டாலர் முன்பணம் பெற்றார். 1999 ஜூலையில் திடீரென ஓய்வை அறிவித்தார். அணி பணத்தைத் திரும்பக் கேட்டது. 2000 பிப்ரவரியில் நடுவர் தீர்ப்பு வந்தது. முன்பணத்தில் ஆறில் ஒரு பங்கான 18.33 இலட்சம் டாலரை உடனே தர வேண்டும். ஓய்விலேயே நீடித்தால் மீதியை ஆண்டு வாரியாகத் தர வேண்டும் என்பது தீர்ப்பு. மாறாக, இண்டியானாபொலிஸ் அணியின் ஆண்ட்ரூ லக் 2019 ஆகஸ்டில், 29ஆம் வயதில், தொடர் காயங்களால் விலகியபோது, கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய 2.48 கோடி டாலரை அவரிடமே விட்டுவிட அணி முடிவு செய்தது. ஒரே வகை ஒப்பந்தம். இரு வேறு மனம்.

எப்படியாயினும், "நீ ஆடாவிட்டால் உன் மகனை அனுப்பு" என்று எந்த அணியும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். கணக்குப்பிள்ளை அதட்டவில்லை. "தம்பி சும்மா இருக்கிற நாள்ல வரட்டுமே" என்று பதமாகத்தான் சொன்னார். சனி, ஞாயிறுகளிலும் விடுமுறையிலும் நான் உப்பு வாரினேன். பாதிக் கூலி கைக்கு, பாதி கணக்குக்கு. 2024இல் தொடங்கிய கழிவு 2025 மே மாதம்தான் தீர்ந்தது. அப்பாவின் செத்த பணத்தை நான் ஆடித் தீர்த்தேன் எனலாம்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் தொழிலாளர் சட்டங்களைப் பற்றிப் பாடம் நடத்தியபோதுதான் ஒன்றை அறிந்தேன். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரோ அவர் குடும்பத்தாரோ கட்டாயமாக உழைத்தாக வேண்டும் என்னும் கடப்பாட்டைக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே செல்லாததாக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "சட்டம் இருக்கட்டும்டா. வாங்குன காசு வாங்குனதுதானே" என்றார். அவருடைய நாணயத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கண்ணைக் கெடுத்தது அளம். நட்டத்தை ஏற்றது வீடு. இது என்ன கணக்கு?

இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. முன்பணத்தைப் பிரித்து எழுதுவதில் இருவரும் ஒன்றே. மீதிச் சுமை யார் தலையில் விழும் என்பதில்தான் வேறுபாடு. அங்கே அது எழுத்தில் இருக்கிறது. எந்தத் தேதியில் நின்றால் எவ்வளவு, எந்த ஆண்டில், யாருக்கு என்பது கையெழுத்திடும் முன்பே இரு தரப்புக்கும் தெரியும். தகராறு வந்தால் தீர்க்க நடுவர் உண்டு. பேரம் பேசச் சங்கம் உண்டு. இங்கே ஒருவர் நோட்டில் மட்டும் இருக்கிறது.

உச்சவரம்பு என்பது மேல்வரம்பு மட்டுமே. இவ்வளவாவது கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை என்பதையும் மறத்தல் ஆகாது. போட்டியை நடத்தும் உரிமை பற்றிய சிக்கலால் அடுத்த பருவம் நடக்குமா என்பதே ஐயமானபோது, 2025 ஆகஸ்டில் பெங்களூர் கழகம் தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சேத்ரி ஆடிய அணியே அது. புகழ் பெற்றவருக்கும் இந்நிலை வரக்கூடுமாயின், ஏனையோரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நண்பர்களே! நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் ஏதேனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறோம். எவ்வளவு தருவீர்கள் என்று எல்லோரும் கேட்போம். நடுவில் நான் நின்றுவிட்டால் கணக்கு என்னவாகும் என்றும் கேட்போமாக. அதை எழுத்திலும் வாங்குவோமாக.

சென்ற மே மாதம் கணக்குப்பிள்ளை அப்பாவின் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். நோட்டை என்னிடம் காட்டினார். வீடு திரும்பி அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னிக்குத்தான்டா நான் வேலைய விட்டு நின்னேன்" என்றார்.