டிராஃப்ட்: ஹீரோ எடுக்குறதுல என்ன அவ்ளோ யோசனை?

(எபிசோட் ஒலிப்பதிவிலிருந்து திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஒரு டோட்டா 2 மேட்ச்சை முதல் தடவை பார்க்குறவங்க எல்லாரும் கேட்குற கேள்வி, "ஏன்டா இன்னும் ஆரம்பிக்கல?" ஸ்க்ரீன்ல வெறும் போட்டோவா வந்துக்கிட்டு இருக்கும். சிலதுல குறுக்குக் கோடு விழும். கமெண்டேட்டர் மட்டும் வீடு தீப்பிடிச்ச மாதிரி கத்திக்கிட்டு இருப்பார். அந்த நேரத்துலதான் டிராஃப்ட் நடக்குது. மேட்ச் அப்பவே தொடங்கியாச்சு.

கணக்கு சிம்பிள். டோட்டால 120-க்கும் மேல ஹீரோக்கள். இப்போதைய கேப்டன்ஸ் மோடுல ஒவ்வொரு டீமுக்கும் 7 பேன், 5 பிக். (பேன்னு சொன்னாலே எனக்குத் தலை அரிக்குது, இனிமே தடைன்னே சொல்றேன்.) மொத்தம் 24 முடிவுகள், ஒவ்வொண்ணுக்கும் கடிகாரம் ஓடும். ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் எடுக்க முடியாது. 120 பேர்ல இருந்து 5 பேரைத் தேர்ந்தெடுக்க 19 கோடி வழி இருக்கு. அதுல உருப்படியா ஆடக்கூடியது ரொம்பக் கம்மி. ஏன்னா மேப்ல கிடைக்கிற தங்கம் அளவானது. கேரி, மிட், ஆஃப்லேன், ரெண்டு சப்போர்ட்னு வேலையைப் பிரிச்சுக்கிட்டே ஆகணும். அஞ்சு பேரும் மாப்பிள்ளையா உட்கார்ந்துட்டா பந்தி பரிமாற ஆள் யாரு?

முதல்ல தடையைப் பார்ப்போம், அதுதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்குற இடம். நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். விளையாட்டுக்காகச் சொல்லல, அது பல வீட்டு அடுப்பு சம்பந்தப்பட்ட விஷயம். 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம் பட்டாசுல பேரியம் உப்பைப் பயன்படுத்தக்கூடாதுன்னு சொல்லுச்சு, சரவெடிக்கும் தடை போட்டுச்சு. வெளியூர்க்காரங்க பச்சைக் கலர்தானே போச்சுன்னு நினைச்சாங்க. ஆனா பேரியம் நைட்ரேட் கலருக்கு மட்டும் போடுற பொருள் இல்ல, எரியுறதுக்குத் தேவையான ஆக்ஸிஜனைக் கொடுக்குறதும் அதுதான். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம்னு எல்லாத்துலயும் அது உள்ள இருந்துச்சு. ஒரு மூலப்பொருளை எடுத்ததும் ஒரு வரிசையே ஆடிப்போச்சு. சிவகாசி வட்டாரத்துல ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு.

டிராஃப்ட்ல நல்ல கேப்டன் போடுற தடையும் இந்த மாதிரிதான். எதிராளியோட பெரிய ஹீரோ யாருன்னு அவர் பார்க்க மாட்டார். எதை எடுத்தா இவனோட மொத்தத் திட்டமும் எரியாம நின்னுபோகும்னு பார்ப்பார். சில நேரம் அது யாருமே கவனிக்காத ஒரு சப்போர்ட் ஹீரோவா இருக்கும். அந்த சப்போர்ட் காப்பாத்தாம அவங்க கேரி பத்து நிமிஷம்கூடத் தாங்க மாட்டார். அப்போ கேரியைத் தடை பண்றதே வேஸ்ட்.

அடுத்து, எடுக்குற வரிசை. முதல்ல எடுக்குறவருக்கு நல்ல ஹீரோ கிடைக்கும், ஆனா அவர் கையில இருக்குறது எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். கடைசியா எடுக்குறவர் மிச்சத்துல இருந்துதான் எடுக்கணும், ஆனா எதிரே இருக்குற அஞ்சு பேரையும் பார்த்துட்டு எடுக்கலாம். அதனால முன்னாடி எடுக்க வேண்டிய கட்டாயத்துல இருக்குற டீம் என்ன பண்ணும்னா, மிட்லயும் ஆடக்கூடிய, ஆஃப்லேன்லயும் ஆடக்கூடிய ஹீரோவா எடுத்து வச்சுக்கும். ஃப்ளெக்ஸ் பிக்னு பேரு. மாட்டுச் சந்தையில தரகர் துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்களே, அதேதான். கை இருக்குறது ஊருக்கே தெரியும், எத்தனை விரல்னு தெரியாது.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஓஜி டீம். 2019-ல ஷாங்காய்ல நடந்த தி இன்டர்நேஷனல் போட்டியில, ஐஓன்னு ஒரு ஹீரோவைக் கேரியா ஆடினாங்க. ஐஓ மத்தவங்களுக்கு உயிர் கொடுக்குற சப்போர்ட், பார்க்க ஒரு வெளிச்சப் பந்து மாதிரி இருக்கும். எதிர் டீம் அது சப்போர்ட்டா வருதா, கேரியா வருதான்னு குழம்பணும். ஓஜி அந்த வருஷம் ஃபைனல்ல டீம் லிக்விடை 3-1-ன்னு ஜெயிச்சு, ரெண்டாவது தடவையா கோப்பை எடுத்தாங்க.

இதுக்கு மறுபக்கம் 2021, புக்காரெஸ்ட். ஃபைனல் 2-2-ல நிக்குது. மொத்தப் பரிசுப் பணம் 4 கோடி டாலர். பிஎஸ்ஜி எல்ஜிடி டீம் கடைசி கேம்ல மேக்னஸைத் திறந்து விட்டாங்க. சுத்தி நிக்குற எதிரிகளை ஒரே இழுப்புல குவிச்சுப்போடுற ஹீரோ அது. டீம் ஸ்பிரிட் எடுத்து கொலாப்ஸ் கையில கொடுத்தாங்க, ஜெயிச்சாங்க. "அதை ஏன்டா விட்டாங்க"ன்னு இன்னைக்கும் திட்டுறாங்க. எனக்கு அந்தத் திட்டுல பாதிதான் உடன்பாடு. மேக்னஸுக்கு ஒரு தடை போட்டிருந்தா வேற ஏதோ ஒண்ணு திறந்திருக்கும், அதை வச்சுத் தோத்திருந்தா அதுக்கும் இதே கேள்விதான் வரும்.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். இங்க நிறைய பேருக்கு டிராஃப்ட் பழக்கமே இல்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் கேம்னா போன்தான். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர்ல தடையும் கிடையாது, மாத்தி மாத்தி எடுக்குறதும் கிடையாது. போன்லயே டிராஃப்ட் சொல்லிக்கொடுக்கக்கூடிய மொபைல் லெஜெண்ட்ஸ், 2020 ஜூன் 29-ல டிக்டாக்கோட சேர்ந்து தடையான 59 ஆப்கள்ல போயிடுச்சு. பிலிப்பைன்ஸ்லயும் இந்தோனேசியாவுலயும் பசங்க போன்ல டிராஃப்ட் பண்ணியே வளர்றாங்க. நமக்கு அதைக் கத்துக்க பிசி வேணும், இல்ல லேன் சென்டருக்குக் காசு வேணும்.

அப்படி இருந்தும், 2022 ஆகஸ்ட்ல பர்மிங்காம்ல நடந்த காமன்வெல்த் இஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஷிப்ல, மொயின் எஜாஸ் கேப்டனா இருந்த இந்திய டோட்டா டீம் நியூசிலாந்தை 2-0-ன்னு ஜெயிச்சு வெண்கலம் வாங்குச்சு. அந்த 2-0-வை லேசா எடுத்துக்காதீங்க. முதல் கேம் முடிஞ்சதும் எதிராளிக்கு உங்க திட்டம் தெரிஞ்சுபோகும். ரெண்டாவது டிராஃப்ட்ல அவன் பதிலோட வருவான், நீங்க அந்தப் பதிலுக்கும் பதில் வச்சிருக்கணும்.

சிவகாசி பக்கத்துக் காலேஜ் டீம்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அஞ்சு பேருமே கடைசி வருஷம். அடுத்த மாசம் ஒரு போட்டி, அதுக்கப்புறம் ஆளுக்கொரு ஊர்ல வேலை. "பிராக்டிஸ்ல ஜெயிக்கிறோம்ணே. டோர்னமென்ட்ல மட்டும் டிராஃப்ட் முடியும்போதே அவ்ளோதான்னு தெரிஞ்சிடுது"ன்னு சொன்னார். யார் என்ன ஆடுவாங்கன்னும் எழுதி அனுப்பியிருந்தார். அவங்க கேரி பிளேயருக்கு மூணே மூணு ஹீரோ.

தம்பி, விடை அந்த லிஸ்ட்லயே இருக்கு. பப் மேட்ச்ல எதிர்ல இருக்குறவனுக்கு உங்களை யாருன்னே தெரியாது. டோர்னமென்ட்ல வர்றவன் டோட்டாபஃப்ல உங்க மேட்ச் ஹிஸ்டரியைப் பார்த்துட்டு வர்றான். ஏழு தடையில மூணைச் செலவு பண்ணா உங்க கேரி காலி, அவனுக்கு இன்னும் நாலு மிச்சம். கேம் செட்டிங்ஸ்ல மேட்ச் விவரங்களைப் பொதுவில் காட்டாம மறைக்கிற ஆப்ஷன் இருக்கு, அதை இன்னைக்கே பண்ணுங்க. ஆனா நிஜமான மருந்து நாலாவது ஹீரோவும் அஞ்சாவது ஹீரோவும்தான். ஒரு மாசத்துல அஞ்சு பேரும் புதுசா கத்துக்க முடியாது. கேரி ரெண்டு கத்துக்கட்டும், ஆஃப்லேனர் ஃப்ளெக்ஸ் ஆகுற மாதிரி ஒண்ணு. போதும்.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்ல 2025-ல இருந்து ப்ரோ போட்டிகளுக்கு ஃபியர்லெஸ் டிராஃப்ட் கொண்டுவந்தாங்க. ஒரு சீரிஸ்ல யார் எடுத்த சாம்பியனா இருந்தாலும் அடுத்த கேம்ல ரெண்டு டீமுக்கும் கிடையாது. அஞ்சாவது கேம் வந்தா, தடை போடுறதுக்கு முன்னாடியே 40 சாம்பியன் காலி. உலகத்துலயே பெரிய பிளேயர்களுக்கே மூணு ஹீரோ பத்தலைங்குறப்போ நமக்கு எப்படிப் பத்தும்? நீங்களும் பிராக்டிஸ்ல இதே ரூலைப் போட்டு ஆடுங்க. எதிர்ல உட்காருற ஜூனியர் பசங்ககிட்ட, கேரியோட மூணு ஹீரோவையும் முதல்லயே தடை பண்ணச் சொல்லுங்க. முதல் வாரம் ஜூனியர்கிட்டயே அடி வாங்குவீங்க, பரவால்ல.

இன்னொண்ணு. டிராஃப்ட்ல கடைசி பத்து செகண்ட்ல அஞ்சு பேரும் கத்தக்கூடாது. எடுக்குறது கேப்டன், ஆலோசனை சொல்றது ஒரே ஒருத்தர். அஞ்சு ஹீரோவும் வந்ததும் கேப்டன் சத்தமா ஒரு வரி சொல்லணும்: "நாம 25-வது நிமிஷத்துக்குள்ள முடிக்கிறோம்", இல்ல "40 வரைக்கும் தாங்குறோம்". அந்த வரியை அவரால சொல்ல முடியலைன்னா டிராஃப்ட் குழம்பியிருக்குன்னு அர்த்தம்.

மேட்ச் தேதி தெரிஞ்சதும் மெசேஜ் பண்ணுங்க, ஸ்ட்ரீம் இருந்தா லிங்க்கும் போடுங்க. ஆபீஸ் ஸ்டாண்டப்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டாவது பார்த்துடுறேன்.