மேகத்தின் நடுவே ஒரு தீவு

தானா ராத்தா ஊரிலிருந்து ஏறி வந்த நீங்கள் ஒரு குளிர்த்தீவில் நிற்கிறீர்கள். கீழ்நாட்டு வெப்பமே இதைச் சூழ்ந்த கடல். 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையின் குளிருக்குப் பழகிய செடிகள் பலவும் அந்தச் சூட்டில் பிழைப்பதில்லை. குடுவைச் செடியைத் தேடிப் பாருங்கள். இந்தப் பாசிக்காட்டு மண்ணில் சத்து குறைவு. குடுவைக்குள் வழுக்கி விழும் எறும்புதான் அச்செடிக்கு உரம். இங்குள்ள நெப்பந்தஸ் மக்ஃபார்லேனி என்ற குடுவைச் செடி இனம் மலாயாத் தீபகற்பத்துக்கு வெளியே இயற்கையாக எங்கும் வளர்வதில்லை.

1885-இல் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தை அளக்க வந்தார். ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இக்காட்டை அறிந்திருந்தார்கள். 1929-இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. கீழே தெரியும் பச்சைத் தேயிலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது.

மிதிபட்ட பாசி மீள நெடுங்காலம் ஆகும். பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.