கைப்பேசிச் சுடும் விளையாட்டுகள்: படமும் பருமனும் விலையும்

பள்ளி விட்டதும் வேப்பமரத்தடியிலோ கடைத்தெரு முனையிலோ நான்கைந்து பிள்ளைகள் கூடிநின்று வாதிடுவதை இந்நாளில் எங்கும் காணலாம். “அந்த விளையாட்டில்தான் படம் தெளிவாக இருக்கிறது” என்கிறான் ஒருவன். “என் கைப்பேசியில் அதற்கு இடம் ஏது? இது சிறியது, ஓடுகிறது, அதுவே போதும்” என்கிறான் மற்றொருவன். “இரண்டும் இலவசம் என்று அழைத்துப் பிறகு காசு பறிக்கின்றன” என்கிறான் மூன்றாமவன்.

இவ்வாதத்தைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அன்று மாலையே அப்பிள்ளைகளுள் ஒருவனுடைய தாய், வீட்டுக்கு வரும் களப்பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ, “தோற்றுப்போவதற்குக் கைப்பேசிதான் காரணம் என்கிறான், புதியது வேண்டுமாம், விளையாட்டுக்குள் பணம் கட்ட வேண்டுமாம், இதில் ஏதாவது உண்மை உண்டா?” என்று வினவக்கூடும். அவ்வினாவுக்கு நேர்மையான விடை அளிக்க வேண்டுமாயின், படம், பருமன், விலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

விளையாட்டின் அமைப்பு

நம் நாட்டில் இவ்வகையில் பெரிதும் பரவியவை இரண்டு. 2017-இல் வெளிவந்த ஃப்ரீ ஃபயர் ஒன்று. 2018-இல் உலகெங்கும் வெளிவந்த பப்ஜி மொபைல் மற்றொன்று. இரண்டிலும் ஆடுவோர் வான்குடை வழியாக ஒரு தீவில் இறங்கி, ஆங்காங்கே கிடக்கும் ஆயுதங்களைத் தேடி எடுத்துப் போரிடுகின்றனர். ஆடுகளத்தின் எல்லை சிறிது சிறிதாகச் சுருங்கிவரும். இறுதியில் எஞ்சுபவரே வென்றவர். பப்ஜியின் முதன்மையான ஆட்டத்தில் 100 பேர். ஃப்ரீ ஃபயரில் 50 பேர். பின்னதன் ஆட்டம் ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். சிறிய களம், குறைந்த ஆட்கள், எளிய படம் ஆகியவையே விலை குறைந்த கைப்பேசிகளில் அது வேரூன்றக் காரணமாயின.

பப்ஜி மொபைலும், நினைவகம் குறைந்த கைப்பேசிகளுக்கென 60 பேர் ஆடும்வண்ணம் அமைக்கப்பட்ட அதன் ‘லைட்’ வடிவமும், 2020 செப்டம்பரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் மத்திய அரசினால் தடைசெய்யப்பட்டன. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதுவும் 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் அனுமதி பெற்றது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்டது. படத்தெளிவு மிகுந்ததாக 2021-இல் வெளிவந்த ஃப்ரீ ஃபயர் மாக்ஸ் அத்தடைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

படம் பிறக்கும் விதம்

திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பதை நாம் அறிவோம். அவை முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டில் ஒவ்வொரு படமும் அந்தந்தக் கணத்திலேயே புதிதாக வரையப்பட வேண்டும். ஆடுபவர் அடுத்து எப்பக்கம் திரும்புவார் என்பது எவருக்கும் தெரியாதன்றோ? வினாடிக்கு 30 படங்கள் எனின், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் காலம் சுமார் 33 மில்லிவினாடி; 60 படங்கள் எனின், சுமார் 17 மில்லிவினாடியே.

இனி ஒரு படத்திலுள்ள புள்ளிகளைக் கணக்கிடுவோம். அகலவாட்டில் 1,280, உயரவாட்டில் 720 புள்ளிகள் எனின், மொத்தம் 9,21,600 புள்ளிகள். 1,920-க்கு 1,080 எனின், 20,73,600 புள்ளிகள். அதாவது இரண்டேகால் மடங்கு. இவற்றோடு நிழல், நீரின் பளபளப்பு, புகை முதலியவற்றையும் கணக்கிட வேண்டும். படத்தின் அழகும் படங்களின் வேகமும் ஒரே குதிரிலிருந்து அளக்கப்படும் நெல் போன்றவை. ஒன்றுக்கு மிகுதியாக அளந்தால் மற்றொன்றுக்குக் குறைந்தே தீரும்.

இதனாலேயே போட்டிகளில் ஆடும் தேர்ச்சி பெற்றோருள் பலர், படத்தின் தரத்தை ‘ஸ்மூத்’ என்னும் மிக எளிய நிலையில் வைத்துவிட்டு, வேகத்தை மட்டும் ‘எக்ஸ்ட்ரீம்’ என்னும் 60 படங்களின் நிலைக்கோ அதற்கு மேலோ உயர்த்திக்கொள்கின்றனர். அழகிய படத்தை விரும்பிக் கேட்கும் சிறுவன், வெல்வோர் அதைத் தாமாகவே துறக்கின்றனர் என்பதை அறிந்தால் வியப்படைவான்.

படம் உண்மையை மறைக்கும் இடமும் உண்டு. சுமையைக் குறைக்கும்பொருட்டுத் தொலைவிலுள்ள புல்லை வரையாமல் விட்டுவிடுவது இவ்விளையாட்டுகளில் வழக்கம். உயர்ந்த புல்லுக்குள் படுத்திருப்பவர், தம்மை எவரும் காணவியலாது என்று எண்ணுகிறார். தொலைவில் நிற்கும் எதிரியின் திரையில் அப்புல் வரையப்படுவதே இல்லை. அவர் வெறுந்தரையில் படுத்திருப்பதாகவே தெரிகிறார்! அருகிலுள்ளோர்க்கு மட்டுமே அப்புல் மறைவாகும்.

வெப்பமும் கருதத்தக்கது. பெரும்பாலான கைப்பேசிகளில் விசிறி இல்லை. நெடுநேரம் ஆடினால் கருவி சூடேறுகிறது. தன்னைக் காத்துக்கொள்ளச் செயலகம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முதல் ஆட்டத்தில் சீராக ஓடியது மூன்றாம் ஆட்டத்தில் திக்கித் திணறுவது இதனாலேயே. கோடைப் பிற்பகலிலும், மின்னேற்றிக்கொண்டே ஆடும்போதும் இத்தொல்லை மிகும். படத்தரத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு ஆடுதலே இதற்குச் செலவில்லாத பரிகாரம்.

கோப்பின் பருமன்

விளையாட்டில் தோன்றும் சுவர், தரை, சட்டை ஆகிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு படத்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது எனக் கொள்க. 1,024-க்கு 1,024 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தாளில், புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம், 4 மெகாபைட் ஆகும். இத்தகைய தாள்கள் ஆயிரம் இருப்பின், அவை மட்டுமே ஏறத்தாழ 4 ஜிகாபைட். ஆதலால் அவை சுருக்கிவைக்கப்படுகின்றன. பெருவழக்கிலுள்ள ஒரு முறையில் படம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, கட்டம் ஒவ்வொன்றும் 16 பைட்டில் அடக்கப்படுகிறது. கட்டம் 4-க்கு 4 புள்ளிகள் எனின், 4 மெகாபைட் தாள் 1 மெகாபைட்டாகும். 8-க்கு 8 எனின், கால் மெகாபைட்டே. இரண்டாவதில் இடம் மிச்சம். ஆனால் சுவரின் எழுத்தும் இலையின் நரம்பும் மங்கிவிடும். சிறிய கோப்பையும் தெளிந்த படத்தையும் ஒருங்கே வேண்டுவோர் இக்கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும்.

செயலிக் கடையில் குறிக்கப்பட்ட அளவே முழு அளவு என்று எண்ணுதலும் தவறு. பல விளையாட்டுகள் முதலில் ஒரு பகுதியை மட்டும் இறக்கிவைத்து, களங்களையும் உயர்தரப் படங்களையும் பின்னர் உள்ளிருந்தே இறக்கச் செய்கின்றன. உண்மை அளவைக் கைப்பேசியின் அமைப்புகளில் சேமிப்பிடப் பக்கத்தில் காணலாம்.

மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் நலம். சேமிப்பிடம் வேறு, செயல் நினைவகம் வேறு. முன்னது தானியக் கிடங்கு. பின்னது உழவன் முன் விரித்த களத்துமேடு. நினைவட்டை வாங்கிச் செருகுவதால் கிடங்கு பெரிதாகலாம், களத்துமேடு பெரிதாகாது. விளையாட்டு திணறும்போது நினைவட்டை வாங்குதல் பெரும்பாலும் வீண்செலவே.

இடம் போதாத சிறுவர்களைக் குறிவைத்து, “மிகச் சுருக்கிய கோப்பு” என்றும் “திணறலை நீக்கும் கோப்பு” என்றும் முகம் தெரியாதோர் பரப்புவனவும் உண்டு. இவற்றை நிறுவுதல், வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். தாயின் வங்கிச் செயலியும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

பருமன் மிக்க விளையாட்டு ஆடும்போதும் இணையத்தை மிகுதியாக உண்ணும் என்பர். அதுவும் சரியன்று. படங்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. வலையில் செல்வன இடம், திசை, சுட்ட செய்தி போன்ற சிறு குறிப்புகளே. இங்குக் கருதத்தக்கது அளவன்று, தாமதம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 1,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வழங்கிக் கணினிக்குச் செய்தி சென்று மீளக் குறைந்தது 10 மில்லிவினாடி வேண்டும். கோபுரத்தின் நெரிசலும் வலுக்குறைந்த அலையும் இதைப் பன்மடங்காக்குகின்றன. இத்தாமதத்தை எந்தக் கைப்பேசியாலும் ஒழிக்க முடியாது.

இலவசத்தின் விலை

விளையாட்டை ஆக்கவும் வழங்கிக் கணினிகளை இரவும் பகலும் இயக்கவும் பெரும்பொருள் வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லையெனின் அப்பொருள் உள்ளிருந்தே வர வேண்டும். ஆடுவோருள் ஒரு சிறு பகுதியினரே பணம் செலுத்துகின்றனர். எஞ்சியோர் பயனற்றவரோ எனின், அல்லர். 100 பேர் ஆடும் ஆட்டத்தில், பணம் செலுத்தியவர் தம் பொன்னாடையைக் காட்டிக்கொள்ள 99 பேர் எதிரே வேண்டும். காசு கொடாதவன் தன் நேரத்தையும் கூட்டத்தையும் கொடுக்கிறான்.

விற்கப்படுவன எவை? பெரும்பாலும் ஆடைகளும் துப்பாக்கியின் மேற்பூச்சுகளும். பேட்டில்கிரவுண்ட்ஸில் இவை பெரிதும் அழகுக்கே உரியவை. ஃப்ரீ ஃபயரில் சில மேற்பூச்சுகள் தாக்கும் திறனையும் சுடும் வேகத்தையும் சிறிது மாற்றுவன. “காசு கொடுத்து வெல்லுதல்” என்று சிறுவர் குறைகூறுவது இதனையே. அக்குறையில் நியாயம் உண்டு. எனினும் படத் திணறலையும் வலைத் தாமதத்தையும் நீக்கும் பொருள் எதுவும் அக்கடையில் விற்கப்படுவதில்லை.

விலையை மறைக்கும் வழிகளும் உள. ரூபாய் முதலில் ‘யூசி’ ஆகவோ ‘டைமண்ட்’ ஆகவோ மாற்றப்படுகிறது; மாற்றியபின் ரூபாயின் நினைவு மங்குகிறது. அடுத்தது அதிர்ஷ்டப் பெட்டி. உள்ளே இருப்பது தெரியாமலே விலை கொடுத்துத் திறக்க வேண்டும். பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018-இல் விலைக்கு விற்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என முடிவு செய்தது. சீனம் 2017-இலேயே கிடைக்கும் வாய்ப்பின் விகிதத்தை வெளியிட வேண்டும் என விதித்தது. பணயம் வைத்துப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் நம் நாட்டில் 2025-இல் இயற்றப்பட்டது; மின்விளையாட்டுப் போட்டிகளை அச்சட்டம் வேறாகவே பிரித்து ஏற்றுக்கொள்கிறது. ஆதலால் ஆடை வாங்கும் சிறுவனைச் சட்டம் மட்டுமே காக்கும் என இருத்தல் கூடாது. கணக்கறிவும் காக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஒரு பையில் ஒன்பது வெள்ளை மணிகளையும் ஒரு சிவப்பு மணியையும் இடுக. மாணவர் ஒவ்வொருவரும் பாராமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, மீண்டும் பையில் இட்டு, இவ்வாறு பத்து முறை செய்யட்டும். “பத்தில் ஒரு வாய்ப்பு, பத்து முறை எடுத்தால் கட்டாயம் கிடைக்கும்” என்றே முதலில் பலரும் சொல்லுவர். ஆனால் பத்து முறையும் வெள்ளையே வருவதற்கான வாய்ப்பு 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் 0.35. நாற்பது மாணவருள் ஏறத்தாழ 14 பேர் வெறுங்கையோடு நிற்பர். நூற்றில் ஒரு வாய்ப்பை நூறு முறை முயன்றாலும் இந்நிலையே. நூற்றுவரில் ஏறத்தாழ 37 பேருக்குக் கிடைக்காது.

“இதுவரை வரவில்லை, இனி வந்தே தீரும்” என்னும் நம்பிக்கையையும் அப்பொழுதே ஆராயலாம். பைக்கு நினைவு இல்லை. பதினோராம் முறையும் வாய்ப்பு பத்தில் ஒன்றே. சில விளையாட்டுகள், குறித்த எண்ணிக்கைக்குப் பின் பொருளை உறுதியாகத் தருவதுண்டு. அவ்வாறாயின் அவ்வெண்ணிக்கையை ஒரு முறைக்கான விலையால் பெருக்குக. அதுவே அப்பொருளுக்காக ஒருவர் இழக்கக்கூடிய உச்ச விலை. அதை ரூபாயில் கரும்பலகையில் எழுதிவைத்தால் வேறு அறிவுரை தேவைப்படாது.

தாய்க்குச் சொல்லத்தக்க விடை

இனி அத்தாயின் வினாவுக்கு வருவோம். கைப்பேசி காரணம் என்று சிறுவன் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. திணறும் கருவியில் ஆடுபவன் பின்தங்கவே செய்வான். ஆயினும் படத்தரத்தைக் குறைத்தல், சேமிப்பிடத்தைத் துப்புரவு செய்தல், கருவியை ஆறவிடுதல், அலை நன்கு கிட்டும் இடத்தில் அமர்தல் ஆகிய நான்கையும் முதலில் செய்து பார்க்கட்டும். இவற்றுக்குக் காசு வேண்டுவதில்லை. ஆடை வாங்குவதால் இவற்றுள் ஒன்றும் தீராது.

செயலிக் கடையில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்துவிடுதல் நன்று. பேட்டில்கிரவுண்ட்ஸ் 2021-இல் வெளிவந்தபோது, 18 வயது நிரம்பாதோர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆட்டம் என்றும், ரூ. 7,000-க்கு மேல் செலவிடலாகாது என்றும் வரம்பு அறிவிக்கப்பட்டது. கூலி வாங்கிப் பிழைக்கும் வீட்டுக்கு அப்பண வரம்பு வரம்பே அன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. குடும்பத்திற்கு ஏற்ற வரம்பைக் குடும்பமே வகுத்துக்கொள்ள வேண்டும். பணம் ஏமாற்றப்பட்டுவிட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்குமாறு களப்பணியாளர் எடுத்துரைக்கலாம்.

மரத்தடியில் வாதிடும் மூவரும் ஒரே பொருளைப் பற்றியே பேசுகின்றனர். படத்துக்குக் கொடுப்பது வேகத்தில் குறைகிறது. பருமனில் மிச்சம் பிடிப்பது தெளிவில் குறைகிறது. இலவசமாகப் பெறுவது வேறொரு வடிவில் திரும்பக் கேட்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் உள்ள விலையைக் கண்டறியும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்டிவிட்டோமாயின், மணிப்பை ஒன்றும் கரும்பலகை ஒன்றும் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பாத்தியத்தைக் காத்துவிடும்.