கண்ணுக்குத் தெரியாத வேலி: பிரிட்டனின் பிரபு மாளிகைகளை எப்படிக் காண்பது?

பிரிட்டனுக்கு மேற்படிப்புக்காகச் செல்லும் நம் மாணவர்கள் விடுமுறை நாட்களில் காணும் இடங்களுள் பழைய பிரபுக்களின் கிராமப்புற மாளிகைகளும் உண்டு. மாளிகையைச் சூழ்ந்து பரந்த புல்வெளி, வளைந்து செல்லும் ஏரி, ஆங்காங்கே மரக்கூட்டம் என எல்லாம் இயற்கையாகவே அமைந்தவை போலத் தோன்றும். உண்மையில் அந்த ஏரி பெரும்பாலும் மனிதர்கள் வெட்டியது. மரங்கள் கணக்குப் பார்த்து நடப்பட்டவை. சில இடங்களில் ஓர் ஊரே அகற்றப்பட்டிருக்கிறது. இந்த நிலக்காட்சியைச் சட்டமும் சொத்து ஆவணங்களும் சேர்ந்து உருவாக்கின என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது.

முதலில் வேலியைக் கவனிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பூங்காக்களில் ‘ஹா-ஹா’ எனப்படும் பள்ளவேலி பரவலாக அமைக்கப்பட்டது. ஒருபுறம் செங்குத்துச் சுவரும் மறுபுறம் சரிவும் கொண்ட அகழி அது. மேய்ச்சல் கால்நடைகள் அதைத் தாண்டி வர இயலாது. ஆனால் மாளிகைச் சன்னலிலிருந்து பார்ப்பவருக்கு வேலி இருப்பதே தெரியாது. வெளியே நிறுத்தப்பட்டவற்றின் கண்ணுக்கு மட்டுமே அந்த எல்லை புலப்படும். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பொருளை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது, நிலம் வந்த வழி. இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றின் வழியே ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்தவெளி வயல்களும் தனியுடைமையாக வேலியிடப்பட்டன. இது நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். ஊரின் ஒப்புதலை அளக்கும்போது தலைகள் எண்ணப்படவில்லை. நில மதிப்பே எண்ணப்பட்டது. சட்டம் இயற்றிய நாடாளுமன்றத்தில் நிலவுடைமையாளர்கள் அமர்ந்திருந்தார்கள். மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் வழக்கத்தால் மட்டுமே உரிமை பெற்றிருந்த ஏழைகளிடம் காட்டுவதற்கு ஆவணம் இல்லை. அவர்களில் பலர் எந்த இழப்பீடுமின்றிக் கூலிகளாயினர்.

டார்செட் பகுதியின் மில்டன் ஆபஸ் இன்னும் வெளிப்படையான சான்று. தம் மாளிகையின் காட்சிக்கு இடையூறாக இருந்த பழைய சந்தை நகரை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசப் டேமர் பிரபு சிறிது சிறிதாக இடித்து அகற்றினார். மக்களில் ஒரு பகுதியினருக்குப் பார்வைக்கு எட்டாத பள்ளத்தாக்கில் ஒரே மாதிரியான குடிசை வீடுகள் கட்டித் தரப்பட்டன. குத்தகைதாரரான வழக்கறிஞர் ஒருவர் வெளியேற மறுத்தார் என்றும், அவர் வீட்டை நோக்கிப் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார் என்றும், வழக்கில் வழக்கறிஞரே வென்றார் என்றும் அவ்வூரில் இன்றும் சொல்கிறார்கள். இன்று பயணிகள் அந்த வரிசை வீடுகளை அழகிய கிராமம் என்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, பணம் வந்த வழி. யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகை 1759இல் கட்டத் தொடங்கப்பட்டது. அதன் பூங்காவை வடிவமைத்தவர் புகழ்பெற்ற லான்சலாட் பிரவுன். அதற்குச் செலவிட்ட லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் திரண்டது. 1833ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அத்தொகை அடிமைகளுக்கு அன்றி, உடைமையாளர்களுக்கே சென்றது. 1,277 மனிதர்களுக்காக ஹேர்வுட் பிரபு 26,309 பவுண்டு பெற்றார். விடுதலை பெற்றவர்களோ ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களுக்கே கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அந்த இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் முழுமையாக அடைந்தது. ஒடுக்கப்பட்டவரின் விடுதலையைக்கூட ஒடுக்கியவரின் இழப்பாகக் கணக்கிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சட்டச் சான்று அரிது.

நம் நிலப்பகுதியும் இந்தக் கணக்கில் உண்டு. வேல்ஸின் போவிஸ் கோட்டை அடுக்குத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் அக்குடும்பத்தில் மணம்புரிந்தவர். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். அவர் ஆட்சிக் காலத்தில், 1799இல், ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் கூடாரம் இன்று அக்கோட்டையின் சேகரிப்பில் உள்ளது.

இத்தகைய மாளிகைகள் பலவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், காலனியத்தோடும் அடிமை முறையோடும் தொடர்புள்ள 93 இடங்களைப் பட்டியலிட்டு 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வரலாற்றைக் களங்கப்படுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது. புகார்களை ஆராய்ந்த அறக்கட்டளை ஆணையம், சட்டமீறல் ஏதுமில்லை என 2021இல் அறிவித்தது. விவரப் பலகையில் எவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பதும் அதிகாரப் போராட்டமே என்பதை இது காட்டுகிறது.

ஆகவே இவ்விடங்களுக்குச் செல்லுங்கள். அழகை மறுக்கவும் வேண்டாம். ஆனால் மூன்று கேள்விகளோடு செல்லுங்கள். இந்த நிலம் முன்பு யாருடைய பயன்பாட்டில் இருந்தது? இதற்கான பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது? ஏரியை வெட்டியவர்களின் பெயரோ எண்ணிக்கையோ எங்கேனும் உள்ளதா? விடை பலகையில் இல்லையெனில் வழிகாட்டியிடம் கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பஞ்சமி நில ஆவணங்களைத் தேடி வட்டாட்சியர் அலுவலகப் படியேறும் நம் செயற்பாட்டாளர்கள் கேட்பதும் ஏறத்தாழ இவையே. அக்கேள்விகளைக் கேட்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை அங்கும் எடுத்துச் செல்வோம்.