சோதனை கடந்தும் ஆறாத மனம்: யாருக்கு ஆபத்து அதிகம்? குடும்பம் என்ன செய்யலாம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி, தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களில் 6 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் என்று நீளும் நம் செங்கல்பட்டுக் கடற்கரையும் அந்த அலைக்குத் தப்பவில்லை.

அன்று அலையைக் கண்ணால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டார்கள். சிலரால் மட்டும் முடியவில்லை. கடல் இரைச்சல் கேட்டாலே நெஞ்சு படபடப்பது, தூக்கத்தில் அலறி எழுவது, கரைப் பக்கமே போக மறுப்பது என்று அவர்களின் நாட்கள் மாறிப்போயின. ஒரே ஊர், ஒரே அலை. ஒருவர் மீள்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் மீளவில்லை. இதற்குக் காரணம் ஈமானின் பலவீனமா?

இல்லை. இதற்கு மருத்துவத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது. அதை அறிந்துகொள்வது சுனாமி கண்டவர்களுக்கு மட்டுமல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்து, தீ விபத்து, திடீர் மவுத், கலவரம், குடும்ப வன்முறை என்று எதையேனும் சந்தித்த எல்லாக் குடும்பங்களுக்கும் அவசியம்.

இது என்ன நோய்?

இதை மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று அழைக்கிறார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று பொருள். இதன் அடையாளங்கள் நான்கு:

1. நடந்த சம்பவம் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருதல்.
2. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு ஆகியவற்றைத் தவிர்த்தல்.
3. குற்ற உணர்வு, நம்பிக்கை இழப்பு, யாரிடமும் ஒட்டாமல் போதல்.
4. எப்போதும் பதற்றத்தோடு இருத்தல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், எரிச்சல், தூக்கமின்மை.

சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இவை வருவது இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, தொழிலையும் குடும்பத்தையும் பாதித்தால்தான் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது பேரதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். ஆனால், இந்த நோய்க்கு ஆளாவோர் அவர்களில் 5.6 சதவீதம் பேர்தான்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சுனாமிக்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு மீனவக் கிராமத்தில் 314 பேரிடம் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. யாருக்கு அதிகம் என்று பார்த்தபோது மூன்று பிரிவினர் தெரிந்தனர்: பெண்கள், உடலில் காயம்பட்டவர்கள், வீட்டில் வருமானமே இல்லாமல் போனவர்கள்.

இலங்கையில் மணற்காடு உள்ளிட்ட மூன்று இடங்களில் 264 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரை பாதிப்பு காணப்பட்டது. குடும்பத்தில் உயிரிழப்பு, அலையின் கோரத்தை நேரில் அனுபவித்த அளவு, போர் போன்ற முந்தைய அதிர்ச்சிகள் ஆகியவை பாதிப்பைக் கூட்டின.

இத்தகைய காரணங்களை மூன்று காலங்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.

சம்பவத்துக்கு முன்: சிறு வயதில் அடி, வன்முறை, பாலியல் கொடுமை ஆகியவற்றை அனுபவித்தவர்கள், ஏற்கெனவே மனச்சோர்வு அல்லது பதற்ற நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் மனநோய் வரலாறு உள்ளவர்கள்.

சம்பவத்தின்போது: தன் உயிர் போய்விடும் என்று உணர்ந்தவர்கள், காயம்பட்டவர்கள், உறவினர் இறப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். சிதைந்த உடல்களைக் கையாண்டவர்களும் இதில் அடக்கம். மனிதர்கள் வேண்டுமென்றே செய்யும் கொடுமை, இயற்கைப் பேரிடரைவிடப் பெரும்பாலும் ஆழமான காயத்தை விட்டுச் செல்கிறது.

சம்பவத்துக்குப் பின்: ஆதரவாகப் பேச ஆள் இல்லாமை, வருமான இழப்பு, கடன், வீடு இழப்பு, வழக்கு அலைச்சல், ஊராரின் பழிச்சொல்.

பிரிட்டன் உளவியலாளர் கிறிஸ் பிரூவின் குழுவினர் 77 ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது. முன்பு இருந்த காரணங்களைவிட, அதிர்ச்சியின் கடுமையும், அதற்குப் பின் ஆதரவு கிடைக்காததும், மேலும் மேலும் வரும் நெருக்கடிகளுமே அதிக வலுவான காரணங்கள் என்பதே அது.

நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. ஆனால், பின்னால் வருவதில் பெரும்பகுதி குடும்பத்தின், ஜமாஅத்தின் கையில் இருக்கிறது.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

மவுத் நடந்த வீட்டுக்கு வருவோர் ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று கேட்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண் ஒரே நாளில் பத்து இருபது தடவை அந்தக் கோரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரும்பாதவரை வற்புறுத்திப் பேச வைப்பதால் பயன் இல்லை, தீங்கு நேரலாம் என்கிறது மருத்துவம். அவர்களாகப் பேசினால் கேட்போம். மௌனமாக இருந்தால் அருகில் இருப்போம்.

இன்னொன்று, "அழாதே, ஸபூர் செய்" என்று அடக்குவது. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. நபிமார்களின் கண்ணீர் அவர்களின் ஈமானைக் குறைக்கவில்லை. நம்முடையதை மட்டும் எப்படிக் குறைக்கும்?

மூன்றாவது, எல்லாவற்றையும் ஜின், கண்ணேறு என்று முடிவுகட்டி மருத்துவரிடம் போகாமல் காலம் கடத்துவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை நாம் மறக்கக் கூடாது. துஆ செய்வோம், ஓதுவோம். அதோடு சிகிச்சையும் பெறுவோம். நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்தான்.

சுன்னாவில் உள்ள முன்மாதிரி

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபின் நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு வீடு திரும்பினார்கள். அந்த நிகழ்வின் மகத்துவம் வேறு, அதை நோயோடு ஒப்பிட முடியாது. ஆனால், அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நடந்துகொண்ட முறையில் நமக்குப் பாடம் உண்டு. முதலில் போர்வை போர்த்தினார்கள். நடுக்கம் தீரும்வரை காத்திருந்தார்கள். சொன்னதைக் கேட்டார்கள், நற்குணங்களை எடுத்துச் சொல்லி ஆறுதல் அளித்தார்கள். அதன்பின் விவரம் அறிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். பாதுகாப்பு, பொறுமை, செவிமடுத்தல், ஆறுதல், அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல் என்ற இந்த வரிசையைத்தான் இன்றைய மனநல முதலுதவியும் ஏறத்தாழப் பரிந்துரைக்கிறது.

மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களின் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வருமானம் இழந்த வீடுகளில் நோய் அதிகம் என்று மீனவக் கிராம ஆய்வு சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சில மாதங்களுக்கு அரிசி, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை ஜமாஅத் ஏற்பது ஸதகா மட்டுமல்ல, மனநோய்க்குத் தடுப்பும்கூட.

குறிப்பாகக் கவனிக்க வேண்டியவர்கள்

தன்னார்வலர்கள்: சுனாமியில் சடலங்களை மீட்டவர்கள், கொரோனா காலத்தில் மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்தவர்கள் எனப் பல முஸ்லிம் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டி மேடையேற்றினோம். தூக்கம் வருகிறதா என்று எத்தனை பேர் கேட்டோம்?

இத்தாவில் இருக்கும் பெண்கள்: மருத்துவத் தேவைக்காக வெளியே செல்ல மார்க்கத்தில் அனுமதி உண்டு. நாலு மாதம் பத்து நாள் முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

குழந்தைகள்: அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. படுக்கையில் சிறுநீர் கழிப்பது, உம்மாவை விட்டுப் பிரிய மறுப்பது, நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடுவது ஆகியவை அறிகுறிகள். பள்ளி, மதரஸா, தொழுகை, உணவு என்று வழக்கமான நாளைத் திரும்பக் கொண்டுவருவது அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

எங்கே போவது?

ஒரு மாதத்துக்கு மேல் அறிகுறிகள் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை கிடைக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் இந்த நோய்க்கு நல்ல பலன் தருகின்றன. மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது நிலைமையை மோசமாக்கும்.

உங்கள் தெருவில் அண்மையில் விபத்தோ இழப்போ நேர்ந்த வீடு ஒன்று இருக்கும். மூன்றாம் நாளோடு வருகை நின்றுபோயிருக்கும். நாற்பதாம் நாளிலும் ஒருமுறை அந்தக் கதவைத் தட்டுங்கள். துயரப்பட்ட உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதலையும் ஷிஃபாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.