தோட்டத்து வாசலும் ஊர்ச் சபையும்

ஒரு நாட்டின் அரசாங்கம் எத்துணைப் பெரிதாயினும், அது குடிமகனின் வாசற்படியை வந்தடைவது உள்ளூராட்சி மன்றத்தின் வழியாகவே. பாராளுமன்றம் சட்டத்தை இயற்றும். அமைச்சு திட்டத்தை வகுக்கும். ஆனால் வீதியிற் குழி விழுந்தாலும், குடிநீர்க் குழாய் வறண்டாலும், குப்பை தேங்கினாலும், தெருவிளக்கு அணைந்தாலும் குடிமகன் முதலில் தேடிச் செல்வது தன் ஊர்ச் சபையைத்தான். அவ்வாறு தேடிச் செல்வதற்கு ஒரு சபை இருந்தும், அது தன் வாசலுக்கு வரவொட்டாமற் சட்டமே குறுக்கே நிற்குமாயின் அவன் என் செய்வான்? இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வாழும் மக்கள் நெடுங்காலம் எதிர்நோக்கிய வினா இதுவேயாகும்.

ஹட்டன் நகருக்கு அப்பால், களனி கங்கையின் கிளையாகிய கெஹெல்கமு ஓயாவின் கரையில் அமைந்திருக்கிறது நோட்டன் பிரிட்ஜ் என்னும் சிறு நகரம். இலங்கையின் மின்சார வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. மலையருவிகளின் வேகத்தை மின்சாரமாக மாற்றலாம் என்று எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவர் கனவு கண்ட லக்சபானா நீர்மின் திட்டம் 1924இல் தொடங்கி, இடையில் நின்று, பின்னர் 1950இல் நிறைவெய்தியது. அதற்கு வேண்டிய நீரைத் தேக்கித் தருவது நோட்டன் அணை. 1965இல் இயங்கத் தொடங்கிய மற்றொரு மின்நிலையம் அப்பொறியியலாளரின் பெயரையே தாங்கி இவ்வூரில் நிற்கிறது. கொழும்பு மாநகரின் விளக்குகளுக்கு ஒளி தந்த இந்த நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்துள்ள மலைச்சரிவுகள் யாவும் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களின் லயன்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கோ, ஒரு தெருவிளக்கைக் கேட்கும் உரிமையும் ஐயத்துக்கு இடமானதாகவே இருந்து வந்தது.

இதற்குக் காரணம் யாது? தோட்டம் என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு கிராமமாகக் கருதப்படவில்லை. அது ஒரு தனிச் சொத்தாகவே கருதப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில் 1871ஆம் ஆண்டின் சட்டம் கிராமங்களுக்குத் தத்தம் காரியங்களைக் கவனிக்கும் அமைப்பை வழங்கியது. தோட்டங்களிலோ வீதியும் தண்ணீரும், மருந்துச்சாலையும் பிள்ளைமடுவமும் தோட்டத்துரையின் பொறுப்பாயின. தொழிலாளிக்குத் தோட்டமே ஊர், துரையே அரசாங்கம். 1930களின் பிற்பகுதியிற் கிராமாட்சிச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்துக் குடியிருப்புகளில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் அத்தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையை இழந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பான்மையோரைக் குடியுரிமையும் வாக்கும் அற்றவராக்கின. வாக்கற்றவன் வாசலுக்கு வேட்பாளனும் வாரான்; வீதியும் வாராது.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குச் சென்றனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களாற் படிப்படியாகத் தீர்ந்தது. வாக்கு மீண்டது. ஆயின் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, வாக்காளரின் இல்லத்துக்கு வருவதற்கு வேறொரு கதவு அடைபட்டிருந்தது.

அக்கதவு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்தது. பழைய கிராமாட்சி மன்றங்களும் பட்டினசபைகளும் மறைந்தபின் நாட்டுப்புற மக்களுக்கென உண்டான உள்ளூராட்சி மன்றம் பிரதேச சபையாகும். இதன் முதலாவது தேர்தல் 1991இல் நடைபெற்றது. அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபை தன் நிதியைத் தாராளமாகச் செலவிட இயலாதவாறு தடையாக நின்றது.

இதன் விளைவை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். பிரதான வீதியிலிருந்து பிரிந்து இரண்டு மைல் மேலேறி லயனை அடையும் ஒரு பாதை இருக்கிறதென்று கொள்வோம். மழைக்காலத்தில் அது கரைந்துவிடுகிறது. கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிச் செல்ல வந்த வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. மக்கள் சபை உறுப்பினரிடம் முறையிடுகின்றனர். அவரோ அம்மக்களின் வாக்கினால் வந்தவர். மறுக்க மனம் இல்லை. ஆயினும், பாதை தோட்டத்துக்குரியது. சபைப் பணத்தை அதிற் செலவிட்டால் கணக்காய்வில் விடை கூற நேரிடும். மக்கள் தோட்ட நிருவாகத்திடம் செல்கின்றனர். தேயிலை விலையையும் செலவையும் காட்டி நிருவாகம் காலத்தைக் கடத்துகிறது. இவ்வாறு இருவருக்கும் இடையே பாதை பாதையற்றதாகிறது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், நிலம் குத்தகைக்கே விடப்பட்டது. ஆகவே நிலம் அரசினது. மக்கள் நாட்டின் குடிகள். சபை மக்களின் சபை. அவ்வாறிருந்தும் அரசின் நிலத்தில் வாழும் அரசின் குடிகளுக்குச் சபை ஒரு கிணறு வெட்டித் தர முடியாதிருந்தது.

‘தோட்டத்து மக்கள் சபைக்குச் சோலைவரி செலுத்துவதில்லையே’ என்று வாதிப்போரும் உண்டு. வாதம் மேலோட்டமானது. லயன் அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று. சொந்தமில்லாத வீட்டுக்கு அவன் எங்ஙனம் வரி செலுத்துவான்? பயிர்நிலத்துக்கு ஏக்கர் வரி என ஒன்றுண்டு. அதன் அளவோ அற்பமானது. மேலும், பிரதேச சபைகள் சோலைவரியை மட்டும் நம்பி நடப்பனவல்ல. வியாபார உரிமக் கட்டணம், சந்தை வருமானம், மாகாண சபையின் வழியாக வந்துசேரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும், ஊழியர் சம்பளத்துக்கான அரச மானியம் ஆகியவையும் அவற்றின் வருவாயில் அடங்கும். கடையில் அரிசியும் சீனியும் வாங்கும் ஒவ்வொரு தொழிலாளியும் மறைமுக வரியைச் செலுத்தியே வாங்குகிறான். அவ்வரியிலிருந்து பிறக்கும் மானியத்தில் அவனுக்கும் பங்குண்டு.

நிதியின் நியாயத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டு பிரதேச சபைகளும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தன. வட கடலில் உள்ள நெடுந்தீவுக்கோ சில ஆயிரம் மக்களுக்கென ஒரு பிரதேச சபை உண்டு. கடல் சூழ்ந்த தீவுக்குத் தனிச்சபை வேண்டுவது நியாயமே. அந்த நியாயம் மலை சூழ்ந்த தோட்டங்களுக்கும் பொருந்தாதோ? ஒரே காரியாலயமும், ஒரே பணிக்குழுவும், சில இயந்திரங்களும் இரண்டு இலட்சம் மக்களுக்குப் பங்கிடப்படும்போது, ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது துளியேயாகும்.

இக்கோரிக்கை வீண்போகவில்லை. அவ்விரு சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய நான்கும் புதிய சபைகளாயின. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலில் அவை முதன்முறையாகத் தம் உறுப்பினரைத் தெரிவு செய்தன. அதே ஆண்டிற் பாராளுமன்றம் பிரதேச சபைகள் சட்டத்தையும் திருத்தியது. தோட்ட நிருவாகத்தோடு கலந்தாலோசித்து, தோட்டப் பகுதி மக்களுக்கு வேண்டிய வீதி, கிணறு, பிற பொது வசதிகள் ஆகியவற்றைச் சபை நிதியினின்று அமைத்துக் கொடுக்க அத்திருத்தம் வழி செய்தது. முப்பது ஆண்டுகளாக அடைபட்டிருந்த கதவு திறந்தது.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே வருவதற்குக் கையிற் பொருளும் வேண்டும். புதிய சபைகளின் எல்லைக்குள் பெருங் கடைவீதிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரங்கள் இல்லை. ஆகவே சொந்த வருமானம் குறைவு. பொறுப்போ மிகுதி. வருமானம் குறைந்த சபைக்கே மானியம் மிகுதியாக வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தாலன்றி, சட்டத் திருத்தம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

இவ்விடத்து அயல்நாட்டின் அனுபவம் ஒன்றை நோக்கலாம். இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடமளித்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்றும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஊராட்சிகளின் நிதிநிலையை ஆராய மாநில நிதி ஆணையம் என்றும் அது வகுத்தது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், உள்ளூராட்சி மன்றங்களின் அதிகாரங்களை மாகாண சபைகள் கூட்டலாமேயன்றிக் குறைத்தலாகாது என்று காப்பளித்தது. அத்திருத்தத்தின் வழிவந்த நிதி ஆணைக்குழுவோ மாகாணங்களுக்குரிய பங்கைப் பற்றியே பரிந்துரைக்கிறது. அப்பங்கு மலைச்சரிவிலுள்ள ஒரு பிரதேச சபையை எவ்வளவில் வந்தடைய வேண்டும் என்பதற்கு அத்தகைய உறுதி இல்லை. தேர்தலுக்கும் உறுதி இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் நடைபெறவிருந்த தேர்தல், பணமில்லையென்று தள்ளிப்போயிற்று. அத்தாமதம் மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதியே வாக்கெடுப்பு நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாகச் சபைகளை அதிகாரிகளே நடத்தினர். குறை சொல்ல உறுப்பினர் இல்லை.

நிதியோடு இணைந்த மற்றொன்று அங்கீகாரம். கிராமத்தானுக்கு வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் உண்டு. தபாற்காரர் அவன் கையிற் கடிதத்தைத் தருகிறார். லயனில் வாழ்பவனுக்கோ தோட்டத்தின் பெயரே முகவரியாக இருந்து வந்தது. கடிதம் தோட்டக் காரியாலயத்திற் சென்று தங்கும். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் நாள் கடந்து கிடைத்தால், இளைஞன் ஒருவனின் எதிர்காலமே மாறிவிடக்கூடும். வீதிக்குப் பெயரும், வீட்டுக்கு இலக்கமும், குடியிருப்புக்குக் கிராமம் என்னும் தகுதியும் வழங்குவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை, மனமே வேண்டும். இது சபையினால் தொடங்கத்தக்க பணி.

தோட்டத்து மக்கள் கேட்பது சலுகையன்று. நாட்டின் ஏனைய குடிகள் தம் ஊர்ச் சபையிடம் எதை உரிமையாகப் பெறுகின்றனரோ, அதனையே அவர்களும் கேட்கின்றனர். இனிச் சபையின் வரவுசெலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும்போது, தம் வட்டாரத்துக்கு ஒதுக்கிய தொகை யாது, அது எந்தப் பாதைக்குச் செலவாகிறது என்று கேட்டறிவது ஒவ்வொரு வாக்காளரின் கடமையாகும். நோட்டன் அணையின் நீர் தொலைதூர நகரங்களுக்கு ஒளியைக் கொண்டுசெல்கிறது. சபையின் நிதி அணைக்கு அருகிலுள்ள லயன் வாசலையேனும் சென்றடைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.