தலைநகரத் தோட்டங்கள் – 9: மாட்ரிட்டின் ரெடிரோ

ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில், பிராடோ அருங்காட்சியகத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 120 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது ரெடிரோ பூங்கா. 1630-களில் நான்காம் ஃபிலிப் மன்னருக்காக அவருடைய முதன்மை அமைச்சர் ஒலிவாரெஸ் பிரபு கட்டிய அரண்மனையின் தோட்டம் இது. போர்ச் செலவில் கருவூலம் வற்றிக்கொண்டிருந்த காலம். இப்படியொரு களியாட்ட மாளிகை எதற்கு என்ற முணுமுணுப்பு அன்றே எழுந்தது.

தோட்டத்தின் பெரிய குளம் அரசவைக்கு நாடக அரங்காகவும் இருந்தது. இத்தாலியப் பொறியாளர் கோஸிமோ லோட்டி அமைத்த இயந்திரங்களின் உதவியோடு கால்தெரோனின் நாடகம் நீர்ப்பரப்பின் மீதே நடந்தது. அரண்மனையின் பெரிய மண்டபத்தை வெலாஸ்கெஸின் ஓவியங்கள் அலங்கரித்தன. அவை இப்போது பிராடோவில் இருக்கின்றன.

பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1767-இல். அதுவும் முழுதாக அல்ல. மூன்றாம் கார்லோஸ் மன்னர் சில பகுதிகளுக்குள் மட்டும் மக்களை அனுமதித்தார். சுத்தமாகவும் ஒழுங்காகவும் உடுத்தியிருக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். அவரே இங்கு ஒரு பீங்கான் தொழிற்சாலையையும் நிறுவியிருந்தார்.

1808-இல் நுழைந்த நெப்போலியனின் படை ரெடிரோவைக் கோட்டையாக்கிக்கொண்டது. மரங்கள் வெட்டப்பட்டன, அரண்மனை சிதைந்தது. பிரெஞ்சுக்காரர்களை விரட்ட 1812-இல் வந்த வெலிங்டனின் ஆங்கிலேயப் படை பீங்கான் தொழிற்சாலையை அழித்தது. எதிரியும் நண்பனும் மாறி மாறி நாசமாக்கிய தோட்டம் இது. பழைய அரண்மனையில் மிஞ்சியவை பெரிய மண்டபமும் நடனக்கூடமும்தான்; இரண்டும் இன்று பூங்கா வேலிக்கு வெளியே, தெருவோரக் கட்டடங்களாக நிற்கின்றன. 1860-களில் இரண்டாம் இசபெல் அரசி தோட்டத்தின் மேற்குப் பகுதியை வீட்டு மனைகளுக்காக விற்றதே இதற்குக் காரணம். 1868 புரட்சியில் அவர் நாட்டை விட்டு வெளியேறியதும் எஞ்சிய தோட்டம் மாநகராட்சியின் கைக்கு வந்தது. முதன்முதலில் கதவு திறந்ததற்கும் தோட்டம் முழுவதும் மக்களுடையதானதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு ஓடியிருந்தது.

மேற்கு வாசல் வழியாக உள்ளே வருபவர்கள் முதலில் காண்பது பார்த்தேரே எனப்படும், கத்தரித்த செடிகள் கொண்ட பகுதி. மெக்சிகோவைச் சேர்ந்த அவுவேவேத்தே என்ற சைப்ரஸ் மரம் ஒன்று அங்கே கம்பி வேலிக்குள் நிற்கிறது. நகரின் மிக மூத்த மரமாக இதைக் கருதுகிறார்கள். அடிமரம் தாழ்வாகவே பல கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் தனி மரம்போல நிமிர்ந்து எழுகிறது. பிரெஞ்சுப் படை அந்தக் கவட்டில் பீரங்கியைத் தாங்க வைத்ததால்தான் மரம் தப்பியது என்பது மாட்ரிட்காரர்கள் சொல்லும் கதை.

குளத்தில் இப்போது வாடகைப் படகுகள் ஓடுகின்றன. அதன் கிழக்குக் கரையில் அரைவட்டத் தூண்வரிசையோடு குதிரைமேல் அமர்ந்திருக்கிறார் பன்னிரண்டாம் அல்போன்சோ. 1922-இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் அது. அதைவிட மனத்தைத் தொடுவது எழுத்தாளர் பெனித்தோ பெரெஸ் கால்தோஸின் கற்சிலை. 1919-இல் திறப்பு விழாவுக்கு அவரே வந்திருந்தார். பார்வை போயிருந்தது. சிலையின் முகத்தைக் கையால் தடவித்தான் அவர் தன் உருவத்தை அறிந்துகொண்டார். அடுத்த ஆண்டு காலமானார்.

கண்ணாடி மாளிகையைக் காணாமல் யாரும் திரும்புவதில்லை. ரிக்கார்தோ வெலாஸ்கெஸ் போஸ்கோ வடிவமைத்த இந்த இரும்பு, கண்ணாடிக் கட்டடம் 1887-இல் பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்காக எழுந்தது. முன்னே சிறு குளம். அதன் நீருக்குள்ளேயே வேர்விட்டு நிற்கும் சதுப்பு சைப்ரஸ்கள் இலையுதிர் காலத்தில் செம்பழுப்பாக மாறுகின்றன. பிலிப்பைன்ஸ் அன்று ஸ்பெயினின் காலனி. அந்தக் கண்காட்சியில் தாவரங்களோடும் கைவினைப் பொருட்களோடும் அத்தீவுகளின் மக்களும் கொண்டுவரப்பட்டுப் பார்வைக்கு வைக்கப்பட்டார்கள். சிலர் மாட்ரிட்டிலேயே இறந்துபோனார்கள். பிலிப்பைன்ஸ் தேசியவாதி ஹோசே ரிசால் இதைக் கடிதங்களில் கண்டித்தார். மாளிகையின் அழகை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுவது நியாயமாகாது.

தெற்கே, பீங்கான் தொழிற்சாலை இருந்த இடத்தில், ரிக்கார்தோ பெல்வெர் 1877-இல் வடித்த ‘வீழ்ந்த தேவதை’ சிலை நிற்கிறது. சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட லூசிஃபரின் உடலைப் பாம்பு சுற்றியிருக்கிறது. ஒரு சிறகு வானை நோக்கி உயர்ந்திருக்கிறது. வாய் அலறலில் திறந்திருக்கிறது. கீழே பீடத்தைச் சுற்றிப் பேய் முகங்கள் நீரை உமிழ்கின்றன. இங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் நினைவு வனம், 2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்புகளில் மாண்டவர்களுக்காக நடப்பட்ட ஒலிவ, சைப்ரஸ் மரங்களால் ஆனது. மொத்தம் 192 மரங்கள்.

பழைய விலங்குக் காட்சிசாலைக் கட்டடம் 2013 முதல் நூலகம். மே இறுதியில் தொடங்கி ஜூன்வரை நடக்கும் புத்தகக் கண்காட்சி 1967 முதல் இங்கேதான். ஸ்பானிய எழுத்தாளர்கள் கடைகளில் அமர்ந்து கையெழுத்திட்டுத் தருவார்கள். தென்மேற்கு மூலைக்கு வெளியே மொயானோ சரிவில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிராடோ நிழற்சாலையையும் ரெடிரோவையும் யுனெஸ்கோ 2021-இல் ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நுழைவுக் கட்டணம் இல்லை. கோடையில் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரையும், குளிர்காலத்தில் இரவு 10 மணி வரையும் திறந்திருக்கும். மெட்ரோவின் 2-ஆம் தடத்தில் ரெடிரோ என்றே ஒரு நிலையம் உண்டு. கிளை முறிந்து விழுந்து உயிர்ச்சேதம் நேர்ந்த பிறகு, பலத்த காற்று வீசும் நாட்களில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். தொலைவிலிருந்து வருபவர்கள் மாநகராட்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.